பழைய ஹைபிரிட் கார்: “கியர்பாக்ஸ் போயிடுச்சு” என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

(நமது நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் எடுத்து ஓய்வுபெற்ற நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



ஹைபிரிட் காரைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் நம் பார்க்கிங்கில் ஹைபிரிட் என்று தேடினாலும் கிடைக்காது. இப்போது பின்பக்கம் அந்த எழுத்து ஒட்டிய கார்கள் வரிசையாக நிற்கின்றன. புதிதாக வாங்கியவை சில. செகண்ட் ஹேண்டில் வந்தவை பல. பழசாகிவிட்டவற்றில் கியர் சம்பந்தமாக ஏதாவது தொந்தரவு வந்தால், ஒர்க்ஷாப்பில் ஒரு பெரிய தொகையைச் சொல்கிறார்கள். புடவை வியாபாரம் செய்கிற வீட்டுக்கு அது ஒரு முகூர்த்த சீசனின் லாபம். அதனால் இன்று ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். “கியர்பாக்ஸ் போயிடுச்சு” என்று யார் சொன்னாலும், பணம் எடுத்து வைப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். என் கார் எந்த வகை ஹைபிரிட்? எதைச் சோதித்துப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?

முதலில், எந்த வகை?

ஹைபிரிட் என்ற ஒரே பெயரில் வேறு வேறு இயந்திரங்கள் ஓடுகின்றன.

முதல் வகை, மைல்டு ஹைபிரிட். 2015-இல் வந்த மாருதி சியாஸ், எர்டிகா எஸ்.ஹெச்.வி.எஸ். கார்கள் இந்த வகை. இதில் மோட்டார் தனியாகக் காரை இழுக்காது. ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில் பெல்ட் போட்ட ஒரு ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் இருக்கும். அது இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், சிக்னலில் நின்ற இன்ஜினை மறுபடி கிளப்பும். அவ்வளவுதான். கியர்பாக்ஸ் எல்லாக் காரிலும் இருக்கிற சாதாரண கியர்பாக்ஸ். ஐந்து கியர் மேனுவல் என்றால் கிளட்ச் தேயும், சிங்க்ரோ தேயும். ஆட்டோமேட்டிக் என்றால் டார்க் கன்வெர்ட்டர் வைத்த பழகிய வகை. ஆகவே இந்தக் கார்களுக்கு “ஹைபிரிட் கியர்பாக்ஸ், அதனால் ரேட் அதிகம்” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது வகை, முழு ஹைபிரிட். 2010-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா பிரியஸ், 2013-இல் வந்த கேம்ரி ஹைபிரிட், 2022 முதல் ஓடுகிற ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, அதன்பின் வந்த இன்னோவா ஹைகிராஸ். இவற்றில் இருப்பதை இ-சிவிடி என்பார்கள். பெயரில் சிவிடி இருந்தாலும் உள்ளே பெல்ட் கிடையாது, கிளட்ச் தட்டுகள் மாறி மாறிப் பிடிக்கிற வேலையும் கிடையாது. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். இந்தத் தொகுதியில் இன்ஜினும் இரண்டு மோட்டார்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. கோர்வைப் புடவை நெய்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா ஓடுகிறது. துணி ஒன்றாகத்தான் வருகிறது. அதுபோல இன்ஜின் ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம். சக்கரத்துக்குப் போகிற சக்தி ஒன்று. ரிவர்ஸ் போகக்கூட தனி கியர் இல்லை, மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். தேய்கிற பாகம் குறைவு என்பதால் இந்தப் பெட்டி சுலபத்தில் கெடுவதில்லை.

2022-இல் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட் இதிலிருந்தும் வேறு. அதில் பெரும்பாலும் இன்ஜின் மின்சாரம் தயாரிக்கும், மோட்டார் காரை ஓட்டும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் ஒரு கிளட்ச் இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு சேர்க்கும். 2008-இல் வந்த சிவிக் ஹைபிரிட்டிலோ எஃகு பெல்ட் வைத்த உண்மையான சிவிடி இருந்தது. அதில் ஆயில் பழசானால் கிளம்பும்போது கார் உதறும்.

மூன்றாவது வகை நம் ஊரில் விற்கவில்லை. ஆனால் இலங்கையில் சொந்தபந்தம் உள்ளவர்கள் பார்த்திருப்பீர்கள். ஜப்பானிலிருந்து அங்கே போன ஹோண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட்களில் மோட்டாரோடு சேர்ந்த ஏழு கியர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் இருக்கிறது. ஜப்பானிலேயே 2013 கடைசியிலிருந்து ஓராண்டுக்குள் அந்த ஃபிட் ஹைபிரிட்டை ஐந்து முறை திரும்ப அழைத்தார்கள். அதில் பல முறை காரணம் கியர்பாக்ஸை இயக்கும் மென்பொருள். 2014 அக்டோபரில் கம்பெனித் தலைவர் உட்பட மேலதிகாரிகள் தங்கள் சம்பளத்தையே குறைத்துக்கொண்டார்கள். மேட்டில் ஊர்ந்து ஊர்ந்து போனால் அந்த கிளட்ச் சூடாகி எச்சரிக்கை காட்டும்.

இலங்கையை ஏன் இழுக்கிறேன் என்றால், பழைய ஹைபிரிட்டை வைத்துப் பிழைப்பது எப்படி என்று நமக்கு முன்பே பாடம் படித்தவர்கள் அவர்கள். 2020 மார்ச்சில் அங்கே வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி கதவு திறந்தது. இடையில் ஐந்து வருடம், பழையதை விற்றுவிட்டுப் புதிதாக இறக்குவோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருப்பதைச் சரிசெய்துதான் ஓட்ட வேண்டும். அந்த நிலையில் முழுப் பெட்டியையும் மாற்று என்பது கடைசிப் பதிலாகத்தான் இருக்க முடியும். நாமும் அதைக் கடைசியில் வைப்போம்.

அடுத்து, எதைச் சோதிக்க வேண்டும்?

முழு ஹைபிரிட் கார் நகரவில்லை, அல்லது டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பித்து இந்த வரிசையில் போகச் சொல்லுங்கள்.

1. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரி இருந்தாலும் கணினிகளை எழுப்புவது இந்தச் சின்ன பேட்டரிதான். இது இறங்கிவிட்டால் ‘ரெடி’ விளக்கு வராது, கியர் ‘பி’யை விட்டு அசையாது. பார்ப்பவருக்கு கியர்பாக்ஸ் செத்த மாதிரியே இருக்கும். பிள்ளைகள் பெங்களூரில் இருக்க, கார் மட்டும் இங்கே மாதக்கணக்கில் நிற்கிற வீடுகளில் இதுதான் முதல் சந்தேகம். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

2. ஸ்கேன். ஓ.பி.டி. கருவி போட்டுக் கோளாறு எண்ணை எடுத்து, அதைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பி0ஏ80 என்றால் பெரிய பேட்டரி. பி0ஏ93 என்றால் இன்வெர்ட்டரின் குளிரூட்டல். இரண்டும் கியர்பாக்ஸ் அல்ல. எண் இல்லாமல் சொல்லும் தீர்ப்பை ஏற்காதீர்கள்.

3. இன்வெர்ட்டர் கூலன்ட்டும் அதன் மின் பம்பும். இன்ஜினுக்குத் தனி கூலன்ட், இன்வெர்ட்டருக்குத் தனி கூலன்ட் டப்பா. இந்தப் பம்பு நின்றால் இன்வெர்ட்டர் சூடாகி, கார் தன்னைக் காத்துக்கொள்ள சக்தியைக் குறைத்துவிடும். டொயோட்டாவே 2012-இல் பழைய பிரியஸ்களில் ஒரு பகுதியை இந்தப் பம்புக்காகத் திரும்ப அழைத்தது. 2014 பிப்ரவரியில் உலகம் முழுக்க 19 லட்சம் பிரியஸ்களை அழைத்தது இன்வெர்ட்டரை இயக்கும் மென்பொருளுக்காக. அந்தக் கோளாறில் கார் நடுரோட்டில் நின்றுவிடக்கூடும். பல்சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை. உங்கள் காருக்கு இப்படி ஏதாவது அழைப்பு பாக்கி இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். இருந்தால் அந்த வேலை இலவசம்.

4. பெரிய பேட்டரியின் காற்று வழி. சில மாடல்களில் பின் இருக்கை ஓரத்தில் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி வலை இருக்கும். எங்கே என்று உரிமையாளர் கையேட்டில் பாருங்கள். நம் ஊரில் பின் இருக்கையில் புடவை பண்டல் ஏற்றுவோம், அரிசி மூட்டை வைப்போம். அந்த வலை மூடிக்கொள்ளும், நூல் தூசும் அடைக்கும். பேட்டரி சூடாகும், இழுவை குறையும். வலையைச் சுத்தம் செய்யக் காசே ஆகாது.

5. ஆயில். இ-சிவிடியில் அந்த ஆயில் மோட்டார் சுருளையும் நனைத்துக்கொண்டு இருக்கிறது. அதனால் கம்பெனி சொன்ன ஏ.டி.எஃப். தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. வடித்த ஆயிலை உங்கள் கண்ணால் பாருங்கள். கருத்துக் கருகிய வாசனையோ, மின்னும் உலோகத் தூளோ இருந்தால் விஷயம் பெரியது. வெறும் பழைய நிறம் மட்டும் என்றால் ஆயில் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம்.

நம் குடியிருப்பிலேயே ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பத்து வருடம் தாண்டிய ஹைபிரிட். வேலூர் போகிற வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. கொண்டுபோன ஒர்க்ஷாப்பில் முழு கியர்பாக்ஸும் மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தத் தொகைக்கு வண்டியையே விற்றுவிடலாமா, பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்த பணத்தில் கை வைப்பதா என்று வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கோளாறு எண்ணைக் கேட்டு வாங்குங்கள் என்றேன். வந்த எண் குளிரூட்டலைக் காட்டியது. பம்பு மாற்றினார்கள். அந்தக் கார் இன்றைக்கும் சரக்கு எடுத்துக்கொண்டு சென்னை போய் வருகிறது.

உண்மையிலேயே பெட்டி போயிருந்தால்?

எல்லாம் கூலன்ட்டில் முடிந்துவிடாது. வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் வந்தால் பேரிங். இன்ஜின் கிளம்பும்போதும் நிற்கும்போதும் கடகடவென்று குலுங்கினால், இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள டேம்பரைப் பார்க்க வேண்டும். மோட்டார் சுருளில் காப்பு கெட்டு மின்சாரம் கசிந்தால் அதற்கும் தனி எண் வரும், இன்சுலேஷன் சோதனையிலும் தெரியும். இவை உறுதியானால் உங்கள் முன் மூன்று வழிகள்.

ஒன்று, கெட்ட பாகத்தை மட்டும் மாற்றுவது. இதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு. ஹைபிரிட் வேலை செய்து பழகியவரா என்று விசாரித்துக் கொடுங்கள்.

இரண்டு, பிரித்த காரிலிருந்து எடுத்த பழைய பெட்டி. சென்னை புதுப்பேட்டையில் தேடுவார்கள். மாருதி என்றால் சுலபம். பிரியஸ் இங்கே குறைவாகவே விற்றதால் சிரமம். பார்ட் நம்பர் ஒத்துப்போகிறதா, எந்த வருடத்துக் கார், எவ்வளவு கிலோமீட்டர் ஓடியது, எத்தனை மாதம் கேரன்டி என்பதெல்லாம் பில்லில் எழுத்தாக இருக்க வேண்டும்.

மூன்று, கம்பெனியில் புதுப் பெட்டி. இதற்கு முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். சொந்தக் காருக்கு 15 வருடம், அதன்பின் தகுதிச் சான்று வாங்கி 5 வருடம் புதுப்பிக்கலாம். 2012-இல் பதிவான காரில் 2026-இல் பெரிய பணத்தைப் போடுவதும், 2022-இல் பதிவான காரில் போடுவதும் ஒன்றல்ல. காரின் இன்றைய சந்தை விலையில் பாதியைச் செலவு தாண்டினால், அப்படியே விற்றால் என்ன கிடைக்கும் என்று இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இது என் கணக்கு.

இன்சூரன்ஸை நம்பி இருக்காதீர்கள். தேய்மானத்தையும் இயந்திர, மின் கோளாறையும் சாதாரண பாலிசி ஏற்காது. 2022-க்குப் பின் வாங்கிய டொயோட்டா, ஹோண்டா ஹைபிரிட்களில் பெரிய பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி உண்டு. ஆனால் அது பேட்டரிக்குத்தான், கியர்பாக்ஸுக்கு அல்ல. சர்வீஸ் ரசீதுகளை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

கடைசியாக, நம் பார்க்கிங்குக்கு மூன்று கட்டுப்பாடுகள்.

முழு ஹைபிரிட்டை முன்சக்கரம் தரையில் உருள, கயிறு கட்டி இழுக்கக் கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், மின்சாரம் உண்டாகும். மேலே ஏற்றிச் செல்லும் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். வாட்ச்மேன் ஐயாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆரஞ்சு நிற வயர் எங்கே தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது. பழைய பிரியஸ் பேட்டரியே 201.6 வோல்ட்; இன்வெர்ட்டர் அதை 650 வோல்ட் வரை ஏற்றும். வீட்டுக் கரன்ட் 230 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பத்து நிமிடம் காத்திருந்துதான் தெரிந்தவர்களே தொடுவார்கள். பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்து வேலை பார்க்கும் வெளி மெக்கானிக்கிடம் கையுறை இருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

‘ரெடி’ விளக்கு எரிந்தால் சத்தமே இல்லாவிட்டாலும் கார் ஆனில் இருக்கிறது. இறங்கும்போது அணைத்துவிட்டுச் சாவியோடு போங்கள். கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நெரிசலில் நீண்ட நேரம் ‘என்’னில் போட்டு நிற்காதீர்கள், அதில் பெரிய பேட்டரி சார்ஜ் ஏறாது. ஜமுனாமரத்தூர் போய்விட்டு மலை இறங்கும்போது, உங்கள் காரில் ‘பி’ என்ற பிரேக் நிலை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அது பார்க்கிங்குக்கான ‘பி’ அல்ல, வேறு. பிரேக் சூடாவது குறையும்.

பார்க்கிங்கில் ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் மாடல், வருடம், ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் எழுதி சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நல்ல வேலைக்காரர் யாருக்காவது கிடைத்தால் அந்தப் பெயரையும் அங்கே குறித்து வைப்போம். அடுத்த வீட்டுக்காரருக்கு உதவும்.