இரண்டாவது சர்வீஸ்



ராமநாதன் கிருஷ்ணன் 1954-லும், மகன் ரமேஷ் 1979-லும் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றவர்கள். பள்ளி நாட்களில் எனக்கும் ஒரே இலக்கு, 'ஜெயிக்கணும்!' அது பாதி எதிராளி கையில் அல்லவா இருக்கிறது?

ஒருநாள் கோச் கேட்டார்: "போன மேட்ச்ல எத்தனை டபுள் ஃபால்ட்டுப்பா?" முழித்தேன். அன்றே நோட்டுப் போட்டேன். தினமும் 50 இரண்டாவது சர்வீஸ். 40 கட்டத்துக்குள் விழணும். முதல் வாரம் 22தான். பயந்து தள்ளுவதை விட்டு, டாப்ஸ்பின் கொடுத்து வீசி அடிக்கப் பழகினேன். பந்து வலையைத் தாண்டியதும் சட்டென்று இறங்கும். (அது மாக்னஸ் விளைவு என்று இங்கே ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில்தான் தெரிந்தது!) 40-ஐத் தொட மூன்று மாதம் ஆயிற்று.

அடுத்த மாவட்டப் போட்டியிலும் தோற்றேன். டபுள் ஃபால்ட் இரண்டே இரண்டு. அப்பா ஸ்கோர் கேட்டார். நான் நோட்டை நீட்டினேன்.