வீட்டுப் பட்டறையில் ஒரு லொறி

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இம்மேடையிலே சமயமும் இலக்கியமும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு லொறிக் கதை சற்றுப் புதிதாகத் தோன்றலாம். நான் பேச வந்ததோ தெருவில் ஓடுகின்ற லொறியைப் பற்றியன்று. மேசைமேல் நிற்கின்ற லொறியைப் பற்றி. உண்மையான லொறியொன்றை இருபத்துநான்கில் ஒரு பங்காகக் குறுக்கி, அதன் ஒவ்வோர் உறுப்பையும் நமது கையாலே வெட்டி, ராவி, ஒட்டிச் செய்கின்ற வேலையே எனது விடயம்.

இதனைக் கடையில் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். மேல்நாடுகளில் பிளாஸ்திக் துண்டுகள் அடங்கிய பெட்டிகள் விற்பனையாகின்றன. அமெரிக்க லொறியும் ஜெர்மன் லொறியும் அவற்றிலே கிடைக்கும். யாழ்ப்பாணத்து லொறி எந்தப் பெட்டியிலும் கிடையாது. நம்மவர் நன்கறிந்த மூக்கு நீண்ட பெட்போர்ட், அதாவது 1958 இல் வெளிவந்த ரி.ஜே. வகை, இங்கிலாந்திலே டன்ஸ்டபிள் நகரில் உருவானதுதான். ஆனால் கப்பலில் வந்திறங்கியது அடிச்சட்டமும் எந்திரமும் முன்பகுதியுமே. பின்னாலுள்ள பெட்டியை அடித்தவர்கள் நமது தச்சர்கள். வண்டிச் சில்லுக்கு வாச்சி பிடித்த கைகளே லொறிப் பலகைக்கும் உளி பிடித்தன. பக்கப் பலகையின் உயரம், மூலைக் கம்பியின் வளைவு, சாரதியின் தலைக்கு மேலுள்ள முகப்புப் பலகை, அதில் எழுதிய தெய்வத்தின் பெயர் ஆகிய யாவும் பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டன. இவற்றுக்கு வரைபடம் இருந்ததில்லை. தச்சரின் முழக்கோலும் கண்ணுமே வரைபடம்.

இந்த லொறிகள்தாம் வெங்காயத்தையும் புகையிலையையும் மிளகாயையும் ஆனையிறவு தாண்டித் தெற்கே கொண்டு சென்றவை. 1950 இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தபின் சீமெந்து மூடைகளையும் சுமந்தவை. 1990 இல் அத்தொழிற்சாலையும் நின்றது, கண்டி வீதியும் அடைபட்டது. 2002 இல் பாதை திறந்தது. 2006 இல் மீண்டும் மூடியது. 2009 இல் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. திறந்த பாதையால் வந்தவை இரும்புப் பெட்டி பூட்டிய புதிய லொறிகள். பழையவை வளவுகளில் வேலியோரம் நின்று, ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகின்றன. இரும்புக்கு விலையுண்டு, பலகையை அடுப்புக்கு எறிந்துவிடுகிறார்கள். எஞ்சியுள்ள ஒன்றிரண்டை அளந்து வைக்காவிடில், அந்தப் பெட்டி எப்படியிருந்தது என்று இன்னும் பத்தாண்டில் கேட்பவருக்குக் காட்ட மங்கிய கலியாணப் படமொன்றின் பின்னணி மட்டுமே மிஞ்சும். 1938 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த வல்வெட்டித்துறை அன்னபூரணியின் புகழை யாவரும் பேசுகிறோம். அதன் ஒரு விலாக்கட்டையின் அளவைச் சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

இனி வேலைக்கு வருவோம்.

இருபத்துநான்கில் ஒன்று என்ற அளவை நான் விரும்புவதற்குக் காரணமுண்டு. பழைய லொறிகள் அடி அங்குலத்தில் பிறந்தவை. ஓரடிக்கு அரை அங்குலம் என்று கொண்டால் கணக்கு மனத்திலேயே முடிந்துவிடும். இருபதடி லொறி பத்தங்குலமாகும். தடைக்காலத்திலே பால்பேணியாலும் நுங்குக் கோம்பையாலும் நம் பிள்ளைகள் செய்த வண்டிகளை நான் குறைத்துச் சொல்லேன்; அவற்றில் கற்பனை இருந்தது. மாதிரி என்பது வேறு. அதற்கு முதலாவது ஆயுதம் அளவு நாடா, இரண்டாவது கொப்பி, மூன்றாவதுதான் வாள். அளப்பதற்கு இரண்டு நாள் செலவாகுமென்றால் செலவாகட்டும்.

அடிச்சட்டத்துக்குப் பால்மாப் பேணியின் தகட்டை வெட்டி, இரண்டு ஓரமும் மடித்துப் பள்ளச் சட்டமாக்குங்கள். அத்தகட்டின் தடிப்பு ஏறக்குறைய கால் மில்லிமீற்றர். இருபத்துநான்கால் பெருக்கினால் ஆறு மில்லிமீற்றர், அதாவது உண்மைச் சட்டத்தின் கால் அங்குல உருக்கு! பேணி செய்தவன் நமக்காகவே அளந்து செய்தான் போலும். குறுக்குச் சட்டங்களுக்குப் பழைய குடைக்கம்பி. அது இயல்பாகவே பள்ளமான வடிவிலே, மூன்று மில்லிமீற்றர் அளவில் இருக்கிறது. வெட்டிப் பற்றவைக்க வேண்டியதுதான். தறையாணித் தலைகளுக்கு மொட்டை ஊசியால் தகட்டின் பின்புறமிருந்து மெல்லத் தட்டினால் முன்புறம் புடைத்து நிற்கும். அச்சுக்குச் சைக்கிள் கம்பி.

வில்லுத் தகடு பலரைத் திணறடிக்கும் இடம். எட்டோ பத்தோ தகடுகள் ஒன்றின்மேலொன்றாய்க் குறுகிச் செல்ல வேண்டும். கலியாண அழைப்பிதழ் மட்டையைக் கீற்றாக வெட்டிப் பசையூட்டி, வளைத்த அச்சிலே கட்டி உலரவிடுங்கள். மட்டையின் தடிப்பு உண்மைத் தகட்டின் தடிப்புக்குச் சரியாக வரும். எவ்வளவு வளைப்பது என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். வெறும் லொறியின் வில் வளைந்து நிற்கும். பாரம் ஏற்றியதன் வில் நேராகும். வெறும் பெட்டியின் கீழே நேரான வில்லை வைத்தால், என்ன பிழை என்று சொல்லத் தெரியாத குழந்தைக்கும் ஏதோ பிழையென்று தெரிந்துவிடும்.

பெட்டிக்குப் பனைமரம் உதவாது. பனஞ்சிலாகை வீட்டுக் கூரைக்கு இரும்பு. இச்சிறு அளவிலோ அதன் கருநார் ஒவ்வொன்றும் கயிறுபோலத் தெரியும், பிளந்தும் போகும். ஐஸ்பழக் குச்சியே சிறந்தது. அதன் அகலம் ஏறத்தாழப் பத்து மில்லிமீற்றர்; நமது கணக்கில் ஒன்பதங்குலப் பலகை. தடிப்பு மட்டும் இரண்டு மடங்கு அதிகம். அரத்தாளில் தேய்த்துப் பாதியாக்க வேண்டும். ஐம்பது குச்சிகளைத் தேய்ப்பது பொறுமையான வேலை. வானொலி கேட்டுக்கொண்டே தேய்க்கலாம்.

சில்லு ஏழு வேண்டும்: முன்னால் இரண்டு, பின்னால் இரட்டையாக நான்கு, மேலதிகமாக ஒன்று. 8.25-20 ரயரின் உயரம் ஏறக்குறைய 38 அங்குலம். நமக்கு 40 மில்லிமீற்றர். மரத்தைத் துளைகருவியில் பூட்டிச் சுழலவிட்டு அரத்தால் கடையலாம். கடைசல் இயந்திரம் வேண்டுமென்று காத்திருக்க வேண்டியதில்லை. நிலத்தைத் தொடுமிடத்தில் ஒரு மயிரளவு தேய்த்துத் தட்டையாக்கினால் சில்லு பாரத்தை உணர்கிறது போலிருக்கும். சில்லு சுழல வேண்டுமென்பவர் இதனை விட்டுவிட வேண்டும். இரண்டும் ஒருங்கே கிடையா.

பலர் கேட்பதுண்டு, இவ்வளவு மெல்லிய தகடு தாங்குமா என்று. நீளம் இருபத்துநான்கில் ஒன்றானால் எடை இருபத்துநான்கின் கனத்தால், அதாவது 13,824 ஆல் வகுபடும். ஐந்து தொன் வெங்காயம் நமது பெட்டியில் 370 கிராம் அளவே. இரும்பு குறைவதைவிடப் பாரம் பன்மடங்கு குறைகிறது. ஆகவே தாராளமாகத் தாங்கும்.

இலக்கத் தகட்டில் கவனம் வேண்டும். 1957 இல் ஆங்கில எழுத்தை நீக்கிச் சிங்கள ஸ்ரீயைப் புகுத்தினார்கள். அதன்பின் நடந்த தார் பூசும் போராட்டத்தை மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1950 இல் வெளிவந்த எஸ் வகை பெட்போர்ட்டானால் ஆங்கில எழுத்தோடு இருக்கலாம். 1958 இல் பிறந்த ரி.ஜே.க்கு அது பொருந்தாது. தார் பூசிய தகட்டோடு செய்யலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். சரித்திரத்துக்கு விரோதமில்லை, செய் என்றேன்.

வர்ணத்தை எல்லோரும் மினுக்கிவிடுகிறார்கள். அது விளையாட்டுச் சாமானின் மினுக்கம். சிறிய உருவத்துக்கு மங்கல் வேண்டும். அதன்மேல் இணுவில், சுன்னாகப் பக்கத்துச் செம்மண்ணை உலர்த்தி, பழைய வேட்டித்துண்டில் இருமுறை சலித்துத் தூரிகையால் தூவுங்கள். இங்கிலாந்தின் ஜெரால்ட் விங்குரோவ், கார் மாதிரிகளின் ஒவ்வோர் உறுப்பையும் தாமே செய்து, 1978 இல் அதுபற்றி நூலும் எழுதியவர்; அவருடைய கார்கள் ஆபரணம்போல ஒளிரும். அவர் வழி அவருக்கு. உழைத்த லொறியிலே புழுதி இல்லையென்றால் நான் நம்பமாட்டேன். மட்காப்பின் உட்புறத்திலும் பின்பலகையிலும் அதிகம், கூரையில் சற்று, கதவுக் கைபிடியருகே இல்லை. அங்கே சாரதியின் கை துடைத்துவிடும்.

உங்கள் அயலிலே பெட்டி கழற்றாத பழைய லொறி நின்றால் எனக்கு அறிவியுங்கள். சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டு அளந்துவிடுவோம். நாடா என்னிடம் இரண்டு உண்டு, கொப்பி பிடிக்க ஒருவர் போதும். நான் செய்த மாதிரி அந்த மேசையில் இருக்கிறது. கிட்டச் சென்று பார்க்கலாம், பின்பலகையை இறக்கியும் பார்க்கலாம். கதவை மட்டும் திறக்க வேண்டாம். பிணைச்சலில் பூசிய பசை இன்னும் காயவில்லை.