எஞ்சின் சூடேறும் வரை
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பெரிய தத்துவ விசாரம் அன்று. காலையில் வாகனத்தை எடுக்கும் முதற் பத்து நிமிடங்களைப் பற்றியதே. உடப்பிலிருந்து கற்பிட்டி வரை எமது கரையில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு, மீன் ஏற்றும் வானையும் லொறியையும் நம்பி எரிகின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், கையிலிருந்த எஞ்சினைக் காப்பாற்றியவனே தொழிலையும் காப்பாற்றினான்; எஞ்சினைப் பிரித்துப் போட்டவன் நகையை அடகு வைத்தான். இதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம்.

“பனி பெய்யும் தேசத்தாருக்கு அல்லவா இந்தக் கவலை? எமது ஊரில் எஞ்சினுக்குக் குளிர் ஏது?” என்று வாலிபர் கேட்பர். நியாயமான கேள்விதான். மார்கழி விடியலில் போத்தலுக்குள் தேங்காயெண்ணெய் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தென்னை நாட்டாருக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையத் தொடங்கும். எஞ்சின் ஒயில் அப்படி உறையாது. ஆனால் அந்த விடியற் சூட்டில் அது, எஞ்சின் நன்றாகச் சூடேறிய வேளையில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடிப்பாய் இருக்கும். எஞ்சின் வேலை செய்வதற்கென்று அமைக்கப்பட்டதோ, தண்ணீர் சுமார் 90 பாகையில் நிற்கும் நிலைக்கு. ஆகவே எமக்கு இதமான காலை, எஞ்சினுக்குக் குளிர்தான்.

தடிப்பான ஒயில் ஒடுக்கமான வழிகளில் மெதுவாகவே செல்லும். அது மட்டுமன்று. பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. சிலிண்டர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அவ்விரிவுக்கு இடம் விட்டே செய்திருப்பதனால், குளிர்ந்த நிலையில் பிஸ்டன் சற்றுத் தளர்வாக ஆடும். போதாததற்குக் குளிர்ந்த பெற்றோல் எஞ்சின் கூடுதலாகப் பெற்றோல் கேட்கும். ஒஸ்டின் ஏ-40, மொறிஸ் மைனர் காலத்தில் சொக் குமிழை இழுத்து நாமே அதைக் கொடுத்தோம். இப்போது கருவியே அளந்து கொடுக்கின்றது. எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவி விடும். இந்த நேரத்தில் அக்சிலேட்டரை மிதித்து “றேஸ்” கொடுப்பது, நல்லெண்ணெய் வையாமல் செக்கை ஓட்டுவது போன்றது.

அப்படியானால் முற்றத்தில் கால்மணி நேரம் ஓடவிட்டு வைப்போமா? பெரியவர்கள் சிலர் அப்படிச் செய்வதுண்டு. பழைய காபரேற்றர் வண்டிக்கு ஓரளவு அது வேண்டியும் இருந்தது, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாரமின்றி ஓடும் எஞ்சின் சூடேறுவது மிகவும் மெதுவாக. டீசல் எஞ்சினுக்குச் சொல்லவே வேண்டாம். குளிர்ந்த நிலை நீளுகின்றது, எண்ணெயும் வீணாகின்றது. 2022-இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு நாம் இதை விரித்துரைக்கத் தேவையில்லை. ஒயில் விளக்கு அணைந்தபின் அரை நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டத் தொடங்குவதே சரி.

மெதுவாக என்றால் எப்படி? பெற்றோல் வண்டியை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குள், டீசலை 2,000-க்குள் வைத்துக் கியரை மாற்றுங்கள். இதைக் கேட்டவுடன் சிலர் நாலாம் கியரில் போட்டு வண்டியை முக்கி முக்கி இழுக்க வைப்பர். அதுவும் கேடு, குறைந்த சுற்றில் பெரும்பாரம் விழுந்தால் பெயரிங்குகள் அடிபடும். கியர்ப் பெட்டியில் நெருப்பில்லை. ஆதலால் அதன் ஒயில் இன்னும் பிந்தியே இளகும். காலையில் இரண்டாம் கியர் முரண்டு பிடித்தால் அடித்துத் தள்ளாமல், கிளட்சை முழுதும் மிதித்து ஒரு கணம் பொறுத்துப் போடுங்கள். தண்ணீர்ச் சூட்டு முள் நடுவுக்கு வந்தவுடன் எல்லாம் முடிந்ததென்று எண்ணவும் வேண்டாம். ஒயில் பின்தங்கியே சூடேறும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியபின்னர் வேகத்தைப் பார்க்கலாம்.

எமது கரைக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. வாடியடியில் மணலுக்குள் வண்டியை நிறுத்தி, ஐசும் மீன் பெட்டியும் கூரை முட்ட ஏற்றி, பிறகு சாவியைத் திருப்பி, முதலாம் கியரில் உறுமிக்கொண்டு மணலிலிருந்து ஏறுவது. குளிர்ந்த எஞ்சினுக்கு இதைவிடப் பெருந்தண்டனை கிடையாது. மீனோ காத்திராது, கொழும்புச் சந்தையும் காத்திராது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கரைவலை கரைக்கு வருவது தூரத்திலிருந்தே தெரிகின்றதே! அந்த இடைவேளையில் வெறும் வண்டியை நல்ல வீதியில் ஒரு சுற்று ஓட்டி வந்து, இறுகிய தரையில் நிறுத்தி ஏற்றலாம். பெட்டிகளை நாலு வாலிபர் பத்து யார் தூரம் கூடுதலாகச் சுமக்க வேண்டியிருக்கும், சுமக்கட்டுமே.

ஊரிலிருந்து பத்துளு ஓயாச் சந்திக்குப் போய்த் திரும்புவதோடு நின்றுவிடும் வண்டிகளுக்கு வேறொரு நோய் வரும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கின்றது. பெரும்பகுதி புகைக்குழாயால் போய்விடும். சிறிது ஒயிலுக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அதுவும் ஆவியாகிப் போகும். சூடேறுமுன்னே நிறுத்தினால் அங்கேயே தங்கும். ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் பால்போன்ற கசடு காண்பது பெரும்பாலும் இதனாலேயே. அவ்வண்டிகளை வாரத்தில் ஒரு தடவையேனும் சிலாபம் வரையோ புத்தளம் வரையோ நீள ஓட்டுங்கள்; ஒயிலையும் முந்தியே மாற்றுங்கள். அதே மூடித் தோற்றத்தோடு றேடியேற்றர்த் தண்ணீரும் குறைந்தால் அது வேறு நோய். உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

டேர்போ பூட்டிய டீசல் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அதன் சக்கரம் பாரத்தில் நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது ஒயில் மட்டுமே. காலையில் ஒயில் போய்ச் சேருமுன் உறுமவிடாதீர்கள். பாரத்தோடு விரைந்து வந்து நிறுத்தும்போதும் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டே சாவியைத் திருப்புங்கள். வெளியே இரண்டு வண்டிகள் மூடி திறந்து நிற்கின்றன. ஒயில் பார்க்கும் கம்பியை எப்படிப் படிப்பதென்று அறிய விரும்பும் வாலிபர்கள் தேநீருக்குப் பின் அங்கே வரலாம்.