தமிழோடு செருமன்: ஒரு துணைப்பாடத்தின் தேவை
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழை முதன்மைப் பாடமாகக் கொண்ட மாணவர் செருமன் மொழியைத் துணைப்பாடமாகப் பயிலலாமா என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். வானம் பார்த்துப் பருத்தியும் கம்பும் மல்லியும் விதைக்கும் இக்கரிசல் மண்ணில், தறியை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அருப்புக்கோட்டையில், இக்கேள்வி ஆடம்பரமாகத் தோன்றக்கூடும். அது தமிழாய்வின் தேவை என்று நிறுவ முயல்கிறேன்.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, டேனிய மன்னரால் அனுப்பப்பெற்ற செருமானியர். ஹாலே நகரில் பயின்றவர். அவரும் அவர்தம் துணைவர் கிரண்ட்லரும் தமிழர் பலருக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி விடைகள் பெற்றனர். திருமணம், கல்வி, மருத்துவம், நீதி, வழிபாடு எனப் பலவற்றைக் குறித்து 1712 முதல் 1714 வரை தமிழர் எழுதிய 99 கடிதங்கள் செருமன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சேறின. தமிழ் மூலங்களோ நமக்குக் கிட்டவில்லை. முந்நூறு ஆண்டுகட்கு முன் நம் முன்னோர் தம் வாழ்வைப் பற்றித் தாமே எழுதிய உரைநடை இன்று செருமன் மொழியில் குடியிருக்கிறது!

2013இல் இக்கடிதங்களின் ஆங்கில ஆக்கம் வெளிவந்தது; பயனுள்ள பணி. எனினும், தமிழிலிருந்து செருமன், செருமனிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து மீண்டும் தமிழ் என்று மும்முறை கைமாறினால் எழுதியவன் குரல் எவ்வளவு எஞ்சும்? எது தமிழன் சொன்னது, எது பெயர்த்தவர் தம் சமய நோக்கில் சேர்த்தது என்று பிரித்தறிய வேண்டுமானால், இரு மொழியும் கற்றவர் வேண்டும். அவர் தமிழிலக்கணம் பயின்றவராக இருத்தல் நலம்.

இவ்வுறவு அத்துடன் முடியவில்லை. கார்ல் கிரவுல் 1856இல் திருக்குறளைச் செருமன் மொழியில் வெளியிட்டார். சோமெருசு 1923இல் திருவாசகத்தைப் பெயர்த்தார். நம் திருச்சுழிக்கே வருவோம். சுந்தரர் பாடிய இத்தலத்தில் 1879இல் பிறந்த இரமணரைப் பற்றி, இந்தியாவிற்கே வந்தறியாத செருமன் அறிஞர் ஹைன்ரிக் சிம்மர் ஒரு நூல் எழுதினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1944இல், உளவியல் அறிஞர் யுங்கின் முன்னுரையோடு அது வெளிவந்தது. திருச்சுழிப் பிள்ளையை ஐரோப்பியர் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதைத் திருச்சுழி மாணவர் அம்மொழியிலேயே படித்து எடைபோட வேண்டாமா?

மொழியைக் கற்பதே இலக்கண மாணவர்க்கு விருந்தாகும். தமிழில் வேற்றுமை எட்டு, செருமனில் நான்கு. அங்கே ஞாயிறு பெண்பால், திங்கள் ஆண்பால். சிறுமியைக் குறிக்கும் சொல்லோ இரண்டுமல்லாத மூன்றாம் பால்! ஞாயிறு, திங்கள் முதலிய சொற்கள் உயர்திணைப் பொருள் தரினும் அஃறிணை முடிபு கொள்ளும் என்று தொல்காப்பியம் கூறுவதை, இவ்வொப்பீட்டோடு நடத்தினால் மாணவர் மறவார். சார்பு வாக்கியத்தில் வினை இறுதியில் வருவதும், சொற்களை அடுக்கித் தொகையாக்குவதும் நமக்கு நன்கு பழகிய வழக்குகளே.

செருமானியப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் நிலவிய முதுகலை முறையில் மாணவர் ஒரு முதன்மைப் பாடத்தோடு இரு துணைப்பாடங்கள் பயில இயன்றது. கோல்ன், ஹைடல்பர்க் நகரங்களின் பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. அவர்கள் நம்மைக் கற்றதற்கு ஈடாக நாம் அவர்களைக் கற்கவில்லை.

"இது சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்வி. செருமனிக்குச் செல்ல விழையும் செவிலியர் பெரும்பாலும் பி2 நிலைத் தேர்ச்சிக்காக உழைக்கின்றனர். பலர்க்கு வாழ்வும் கிடைக்கிறது. அவ்வழியை நான் குறைத்துப் பேசேன். ஆனால், செவிலியர் கற்கும் மொழியைத் தமிழ் மாணவருக்கு மட்டும் வீண் என்பது என்ன நீதி? பெருநகரங்களில் சிலர் மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டு அயல்மொழியை எடுக்கின்றனர். நான் வேண்டுவது அதுவன்று. தமிழ் பாவாக இருக்கட்டும். செருமன் ஊடையாக ஓடட்டும். பாவில்லாமல் எந்த நெசவாளியும் நாடா எறிவதில்லை.

நான்கு பருவத்துக்குப் பாடம் வகுக்கலாம். முதலிரு பருவங்களில் அடிப்படை மொழி. மூன்றாவதில் குறளும் கிரவுலின் ஆக்கமும் அருகருகே. நான்காவதில் ஹாலே கடிதங்கள். ஹாலேயின் பழைய அச்சுப் பதிவுகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றின் பழைய எழுத்துரு முதலில் மிரட்டும். சுவடி படித்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிதன்று. ஆசிரியர் கிடைப்பதே அரிது. சென்னை மாக்ஸ்முல்லர் பவனில் பயின்ற ஒருவரை வார இறுதியில் வரவழைக்கலாம். இணையவழி வகுப்பும் நடத்தலாம். பத்து மாணவர் முன்வந்தால் போதும்.

இவ்வட்டம் தன் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணியை ஏற்கட்டும். அந்தத் தொண்ணூற்றொன்பது கடிதங்களில் ஒன்றையேனும், செருமனிலிருந்து நேராக, நம் பகுதி மாணவர் ஒருவர் தமிழுக்கு மீட்டு வந்து இம்மேடையில் படிக்க வேண்டும். அதற்கு என்னால் இயன்ற உழைப்பைத் தருவேன் என்று உறுதி கூறி அமைகிறேன்.