கழுத்தில் அடிபட்டால் படம் எடுக்க வேண்டுமா?



தென்னை ஏறுவோரும், கிணற்று வேலை செய்வோரும், இரு சக்கர வண்டியில் சந்தைக்குச் செல்வோரும் நிறைந்தது நம் கொங்கு நாடு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கங்களில் மரத்திலிருந்து தவறி விழுவதும், கோடையில் நீர் குறைந்த கிணற்றில் வாலிபர்கள் தலைகீழாகப் பாய்வதும் நாம் அறியாதவை அல்ல. அடிபட்டவர் எழுந்து நடந்துவிட்டால், ‘ஒன்றுமில்லை, சுளுக்குத்தான்’ என்று கூறி நீவுபவரிடம் அழைத்துச் செல்கிறோம். இவ்வழக்கத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

கழுத்தில் ஏழு எலும்புகள் உள்ளன. அவற்றின் நடுவே தண்டுவடம் இறங்குகிறது. எலும்பு முறிந்தும் இடம்பெயராமல் நின்றால் மனிதர் நடக்கவும் கூடும். பின்னர் கழுத்தைத் திருகும்போது அது நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கினால், கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். நீவுபவரின் கைத்திறனை நாம் குறை கூறவில்லை. உள்ளே முறிவு உண்டா என்பதை விரல் அறியாது.

அப்படியாயின் எல்லோருக்கும் படம் எடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அடிபட்டு வருவோரில் மிகப் பெரும்பாலோருக்கு முறிவு இருப்பதில்லை. வீண் செலவும் கதிர்வீச்சுமே மிஞ்சும். கனடாவில் 10 மருத்துவமனைகளில் 8,924 பேரை ஆராய்ந்து, இயன் ஸ்டீல் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் 2001இல் ஒரு விதியை வெளியிட்டனர். அது தெளிந்த நினைவோடிருக்கும் வயது வந்தோருக்கானது, குழந்தைகளுக்கு அன்று.

முதற் கேள்வி: வயது 65 அல்லது அதற்கு மேலா? மூன்றடிக்கு மேலிருந்து விழுந்தாரா, தலை குத்தி விழுந்தாரா, வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டாரா? கைகால்களில் மரமரப்பு உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலும் படம் எடுத்தே ஆக வேண்டும். ஒன்றும் இல்லையெனில்தான், நடந்தாரா, உட்கார்ந்திருக்கிறாரா, வலி பிறகு தொடங்கியதா, கழுத்தின் நடுவெலும்பை அழுத்தினால் வலி இல்லையா என்று மருத்துவர் பார்ப்பார். இவற்றில் ஒன்றேனும் சாதகமாக இருந்தால், இருபுறமும் 45 பாகை கழுத்தைத் தாமாகத் திருப்பச் சொல்வார். திருப்ப முடிந்தால் படம் தேவையில்லை.

நம் ஊர்களில் இந்த வரிசைதான் மாறிப் போகிறது. ‘நடந்தாரே’ என்று இரண்டாவதை முதலில் கேட்கிறோம். தென்னையிலிருந்து விழுந்தவர் நடந்து வந்தாலும் முதற் கேள்வியிலேயே அவருக்கு விடை கிடைத்துவிட்டது. கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் சோதனையையும் வீட்டில் நாமே செய்துவிடலாகாது.

2000இல் அமெரிக்காவில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, மது அருந்தியவரும், எலும்பு முறிவு போன்ற வேறு கடும் வலியுடையவரும் ‘கழுத்து வலிக்கவில்லை’ என்று கூறுவதை நம்பலாகாது என்கிறது. ஆகவே குடித்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மானம் போய்விடும் என்று மறைக்கும் உறவினர் நம்மிடையே பலர்!

முதியோருக்கும் கடுமையாக அடிபட்டவர்க்கும் சாதாரண எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவதுண்டு. எனவே, அருகிலுள்ள மருத்துவமனையிலிருந்து சி.டி. ஸ்கேன் எடுக்கக் கோவைக்கு அனுப்பினால், தட்டிக்கழிக்கிறார்கள் என்று சினம் கொள்ள வேண்டாம்.

விழுந்த இடத்தில் அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்கத் தலையை நிமிர்த்தாதீர்கள். தலையை இருபுறமும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108க்குத் தெரிவியுங்கள். வண்டி வரும்வரை பிடித்த கையை எடுக்க வேண்டாம்.