விடுமுறைக் காசையும் மேலதிக வேலையையும் முதலிலேயே பேசிக்கொள்வோம்

(எமது சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு காலத்தில் இப்படியொரு கூட்டம் கூடினால் கொழுந்தைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் லயத்துக் கூரையைப் பற்றியும்தான் பேசுவோம். இன்று நிலைமை மாறியிருக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் காலை பஸ்ஸில் ரவுனுக்குப் போய், கடைகளிலும் காரியாலயங்களிலும் துப்புரவு வேலை செய்துவிட்டு வருகிறீர்கள். சிலர் கம்பனிகளின் கீழ் வேலை செய்கிறீர்கள். இன்னும் சிலர் நான்கு ஐந்து பேராகச் சேர்ந்து, இடத்துக்காரரிடம் நேராகப் பேசி மாதக் கட்டணத்துக்கு வேலை எடுக்கிறீர்கள். தோட்டத்தில் பேர் குறைந்தபோது நமது பெண்கள் கைகட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. அதை நாம் மதிக்கிறோம்.

ஆனால் ஒரு விடயத்தில் நாம் ஏமாந்துகொண்டிருக்கிறோம். அதைப் பேசத்தான் இன்று எழுந்தோம்.

நடந்த கதை ஒன்றைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். நம்முடைய ஐந்து பெண்கள் மூன்று மாடிக் காரியாலயம் ஒன்றைச் சுத்தம் செய்ய வாய்ப்பேச்சிலேயே விலை பேசி எடுத்தார்கள். முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. சித்திரைப் புத்தாண்டு வந்தது. காரியாலயம் ஐந்து நாள் பூட்டியிருந்தது. மாத முடிவில் அந்த ஐந்து நாள் காசு வெட்டப்பட்டிருந்தது. "வேலை செய்யவில்லையே, எப்படித் தருவது?" என்றார்கள். சரி, அதோடு போயிற்றா? திறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். பூட்டியிருந்த நாட்களில் சுவருக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நிலமெல்லாம் பெயின்ட் பொட்டு. காலையிலிருந்து இருட்டும் வரை ஐந்து பேரும் முழங்காலில் நின்று சுரண்டினார்கள். அதற்குக் கிடைத்தது ஆளுக்கொரு சோற்றுப் பார்சல். "சின்ன வேலைதானே, நம்ம ஆட்கள்தானே" என்று முதுகில் தட்டினார்கள்.

அந்தப் பெண்கள் போய்க் கேட்டார்கள். வந்த பதில் ஒன்றுதான்: "எங்கே எழுதியிருக்கிறது?"

அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. சங்கத்துக்கு வந்தபோது எங்களிடமும் இல்லை.

தோழர்களே, நாம் கணக்குத் தெரியாதவர்களா? ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனால் ஒன்றரைப் பேர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொழுந்து ஒரு கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுகிறார்கள் என்று பிரட்டுக்களத்தில் நின்று சண்டை போட்டவர்கள் நாம். நிறுவையில் கூடைக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று தராசைப் பார்த்துக்கொண்டே நின்றவர்கள் நாம். அந்தக் கண்ணை ரவுனுக்குப் போகும்போது லயத்திலேயே விட்டுவிட்டுப் போகிறோம். தோட்டத்தில் ஒன்றரைப் பேர் தானாக வரவில்லை. பேசி, எழுதி, கையொப்பம் வைத்து வந்தது. ரவுனிலும் அப்படித்தான் வரும்.

முதலில் விடுமுறையைப் பார்ப்போம்.

போயா நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. அன்று வேலை வாங்கினால் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். 1971 ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டம் இதைச் சொல்கிறது. கடை, காரியாலய ஊழியருக்கு இதைவிட ஆண்டுக்கு எட்டு நாள் உண்டு. தைப்பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு நாள், மே 1, வெசாக் போயாவுக்கு மறுநாள், நபிகள் நாயகம் பிறந்த தினம், நத்தார் ஆகியவையே அவை.

இந்த எட்டில் ஒன்று இல்லாததைக் கவனித்தீர்களா? தீபாவளி இல்லை. அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் தீபாவளி விடுமுறை. ஆனால் கடைகளுக்கும் தனியார் காரியாலயங்களுக்கும் உரிய அந்த எட்டு நாளில் அது கிடையாது. ஆகவே நாம் வாய் திறக்காவிட்டால் தீபாவளி காலையில் வீட்டில் பிள்ளைகள் எண்ணெய் தேய்க்கக் காத்திருக்க, நாம் யாருடைய கடையையோ கூட்டிக்கொண்டிருப்போம். அந்த நாளைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஜனவரியிலேயே கேட்க வேண்டும், தீபாவளிக்கு முதல் நாள் கேட்டால் கிடைக்காது.

கட்டணம் பேசப் போகும்போது மூன்று கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்று, இடம் பூட்டியிருந்தால் நமது மாதக் கட்டணம் குறையுமா? குறையக் கூடாது. விளக்கமாகச் சொல்லுங்கள்: "ஐயா, வருடத்தில் எத்தனை போயா, எத்தனை விடுமுறை என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே விலை சொல்கிறோம்." நியாயமான ஆட்கள் இதை ஏற்றுக்கொள்வார்கள். திருத்த வேலைக்காக இரண்டு கிழமை, ஒரு மாதம் என்று பூட்டினால் அது வேறு கதை. அதற்குப் பாதிக் கட்டணம் என்றோ வேறு விதமாகவோ முதலிலேயே பேசி வையுங்கள்.

இரண்டு, விடுமுறை நாளில் கூப்பிட்டால் என்ன விலை? போயாவுக்கு ஒன்றரை மடங்கு. கடை, காரியாலயச் சட்டத்தில் அந்த எட்டு நாளில் வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளம் அல்லது ஆண்டு முடிவதற்குள் வேறொரு நாள் சம்பளத்தோடு லீவு. அதே அளவை நாமும் கேட்கலாம். அதோடு போக்குவரத்தையும் மறக்காதீர்கள். போயாவிலும் பெருநாளிலும் தோட்டத்துப் பாதையில் பஸ் அருமை. முச்சக்கர வண்டிக் காசை யார் கொடுப்பது என்று அன்று காலை பாதையில் நின்றுகொண்டு பேச முடியாது.

மூன்று, எத்தனை நாளைக்கு முன் சொல்ல வேண்டும்? குறைந்தது மூன்று நாள் என்று கேளுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் போன் எடுத்து "நாளைக்கு வாருங்கள்" என்றால், மறுக்கும் உரிமை நமக்கு இருக்க வேண்டும்.

விலையை எப்படிப் போடுவது? சட்டத்தின் அடிமட்டத்திலிருந்து தொடங்குங்கள். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபாய், நாளுக்கு 1,200 ரூபாய். எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 150 ரூபாய். ஒன்றரை மடங்கு என்றால் 225 ரூபாய். போயா அன்று இரண்டு பேர் நான்கு மணித்தியாலம் வேலை செய்தால் 1,800 ரூபாய். கவனியுங்கள், இது இதற்குக் கீழே போகக் கூடாது என்ற கோடு. நமது விலை அதற்கு மேலே இருக்க வேண்டும். தும்புத்தடி, சவர்க்காரத் தூள், நிலம் துடைக்கும் திரவம், கையுறை, பஸ் காசு எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. சட்டச் சம்பளம் கூடினால் நமது கட்டணமும் கூடும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி மேலதிக வேலை.

நாம் சுத்தம் செய்யப் போகிறோம். கூட்டுவது, துடைப்பது, மலசலகூடம் கழுவுவது, குப்பைக் கூடையைக் கொட்டுவது, மேசையில் தூசி தட்டுவது. பிறகு என்ன நடக்கிறது? "தங்கச்சி, ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொண்டு வா." "அக்கா, கடையில் போய் சோற்றுப் பார்சல் வாங்கி வாங்க." "இந்த அலுமாரியைக் கொஞ்சம் தள்ளுங்க." தேயிலை பறித்த கைக்குத் தேத்தண்ணி ஊற்றுவது பாரமில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை இருபது பேருக்கு ஊற்றி, கோப்பை கழுவி வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விடுகிறது. அந்த நேரத்தில் முடிக்காத மாடிப்படிக்கு ஏச்சு வாங்குவதும் நாம்தான்.

ஆகவே ஒரு தாளில் மூன்று பகுதியாக எழுதுங்கள். தினமும் செய்யும் வேலை, கிழமைக்கு ஒரு தடவை செய்யும் வேலை, தனியாகக் காசு வாங்கிச் செய்யும் வேலை. ஒட்டடை அடிப்பது கிழமை வேலையில் வரட்டும். தண்ணீர்த் தாங்கி கழுவுவது, கம்பளம் கழுவுவது, பெயின்ட் அடித்த பிறகு சுத்தம் செய்வது, விருந்து முடிந்து கூட்டுவது, தேத்தண்ணி ஊற்றுவது எல்லாம் தனிக்காசு வேலையில் வரட்டும்.

எந்தக் காசுக்கும் செய்யக் கூடாத வேலையையும் எழுதுங்கள். மேல்மாடி யன்னலுக்கு வெளியே ஏறிக் கண்ணாடி துடைக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டையும் ப்ளீச்சையும் ஒன்றாகக் கலக்கச் சொன்னாலும் முடியாது. அதிலிருந்து எழும் நச்சு வாயு நெஞ்சைப் பிடிக்கும், உயிருக்கே ஆபத்து.

அடுத்தது, யார் சொன்னால் மேலதிக வேலை? அவர்கள் பக்கம் ஒருவர், நமது பக்கம் ஒருவர் என்று பெயர் குறியுங்கள். மற்றவர்கள் கேட்டால் முகம் சுளிக்காமல், "பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், அவர் எழுதித் தந்தால் செய்கிறோம்" என்று சொல்லுங்கள். அதற்கு ஒரு கொப்பி போதும். திகதி, வேலை, எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், எவ்வளவு ரூபாய், கையொப்பம். கையொப்பம் வேலை தொடங்க முன் வாங்க வேண்டும். செய்து முடித்த வேலைக்கு விலை பேசப் போனால் அவர்கள் சொன்னதுதான் விலை.

கம்பனியின் கீழ் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளரிடம் கம்பனி விடுமுறைக் காசையும் மேலதிக வேலைக் காசையும் பேசித்தான் வாங்குகிறது. அது உங்கள் சம்பளச் சீட்டில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். துப்புரவுச் சேவைத் தொழிலுக்கும் சம்பள நிர்ணய சபை உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் போக வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம் போட வேண்டும். விடுமுறைச் சம்பளத்துக்கும் சேமலாப நிதி உண்டு. வராவிட்டால் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள், தொழில் திணைக்களத்துக்குச் சேர்ந்து போவோம்.

குழுவாக வேலை எடுப்பவர்களே, உங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நீங்கள் இன்னொரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்தால் அவளுக்கு நீங்கள்தான் முதலாளி. போயாவுக்கு வாடிக்கையாளரிடம் ஒன்றரை வாங்கி, அவளுக்கு ஒன்றைக் கொடுத்தால் நாம் யாரை எதிர்த்து இத்தனை வருடம் போராடினோம்?

அந்த ஐந்து பெண்களின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறோம். அவர்கள் பிறகு ஒரே ஒரு தாளில் இதையெல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். காரியாலயத்தார் முதலில் முறைத்தார்கள். பூட்டும் நாளுக்குக் காசு வெட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். போயாவுக்கு ஒன்றரையும் ஒப்புக்கொண்டார்கள். தீபாவளிக்கு மட்டும் மறுத்தார்கள். பேசிப் பேசி, அன்று வராமல் அதற்குப் பதில் ஒரு சனிக்கிழமை வருவது என்று முடிந்தது. அதே தாளை ஒரு கடைக்காரரிடம் கொண்டு போனபோது, அவர் படித்துக்கூடப் பார்க்காமல் வேறு ஆட்களுக்கு வேலையைக் கொடுத்துவிட்டார். அந்த வருமானம் போனது போனதுதான். அதை மறைத்து உங்களிடம் பேச நாம் விரும்பவில்லை.

அந்த வேலையை எடுத்துக்கொண்டு போன வேறு ஆட்கள் யார் தெரியுமா? பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள். அவர்களும் நம்மவர்கள்தான். அவர்களிடமும் இந்தத் தாள் இருந்திருந்தால் கடைக்காரர் யாரிடம் போயிருப்பார்? அதனால்தான் இதைச் சங்கக் கூட்டத்தில் பேசுகிறோம். ஒரு குழு மட்டும் விலையைப் பிடித்து நிற்க முடியாது. இந்தப் பிரதேசத்துக் குழுக்கள் எல்லாம் ஒரே தாளோடு போனால் நிற்க முடியும்.

அந்தத் தாளின் மாதிரியைக் கிளைக் காரியாலயத்தில் வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள். வாசிக்கச் சிரமப்படும் அம்மாமாருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். பக்கத்துத் தோட்டத்து உறவுக்காரருக்கும் ஒன்று கொடுங்கள்.

தும்புத்தடியைக் கையில் எடுக்க முன் பேனாவை எடுப்போம்.