தளர்ந்தவரை நிலைநிறுத்தும் அறம்



நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் உண்டென அருங்கலச்செப்பு முதலான அறநூல்கள் கூறுகின்றன. அவற்றுள் ஆறாவது ஸ்திதிகரணம். அதாவது, நெறியினின்று தளர்பவரை மீண்டும் அந்நெறியில் நிலைநிறுத்துதல். இதற்குச் சான்றாகக் காட்டப்படுபவர் வாரிசேண முனிவர். மகத மன்னன் சிரேணிகனின் மைந்தராகிய அவர், துறவு பூண்ட பின்னும் இல்லத்தையே எண்ணி வாடிய தம் நண்பரை இகழவில்லை, ஒதுக்கவுமில்லை. தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்து வந்தவை எவை என்று காட்டினார். நண்பரின் உள்ளம் நிலைபெற்றது. தாம் கடந்து வந்த வழியையே பிறர்க்கு விளக்காக்கிய செயல் அது.

மனச்சோர்வு நோயினின்று மீண்ட ஒருவர் மனநலப் பணியையே தம் வாழ்க்கைத் தொழிலாக மேற்கொள்வதும் அத்தகைய செயலே ஆகும். அமெரிக்க நாட்டு உளவியலறிஞர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் அம்மையாரின் வாழ்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பள்ளிப் பருவத்தின் இறுதியிலேயே கடும் மனச்சோர்வு அவரைப் பற்றியது. பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்று, 1974இல் அங்கேயே மனநல மருத்துவத் துறையில் ஆசிரியரானார். சில திங்களுக்குள் நோய் முற்றியது. கட்டுக்கடங்காத எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோய் அது. லித்தியம் என்னும் மருந்து அவருக்குத் தரப்பட்டது. சற்றே நலம் தோன்றியதும் மருந்தை நிறுத்தினார், நோய் திரும்பியது, உயிரையே விட்டுவிடத் துணியும் நிலைக்கும் சென்று மீண்டார். அதன் பின்னரே மருந்தையும் மருத்துவருடன் பேசும் சிகிச்சையையும் விடாது பற்றினார். 1990இல் ஃபிரெடரிக் குட்வின் என்பவருடன் இணைந்து அந்நோயைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1995இல் 'ஆன் அன்குவயட் மைண்ட்' என்னும் தன்வரலாற்று நூலில் தம் நோயை உலகறியச் சொன்னார்.

இவ்வரலாறு உணர்த்துவன இரண்டு. நோயுற்றவர் கற்கவும் கற்பிக்கவும் தகுதியற்றவர் என்னும் எண்ணம் தவறு, இது முதலாவது. பட்ட துன்பம் மட்டுமே ஒருவரைச் சிகிச்சையாளர் ஆக்கிவிடாது, இது இரண்டாவது. ஜேமிசன் முறையாகப் பயின்றார். தாமும் சிகிச்சை பெற்றார். உடன் பணியாற்றிய நம்பிக்கைக்குரியவர்களிடம் தம் நிலையைத் தெரிவித்திருந்தார். தம்மைக் குணப்படுத்திய வழியே எல்லோர்க்கும் ஏற்கும் என்று கருதுபவர் பிறர்க்குத் துணையாக இயலாது. முதலில் தாம் நிலைபெறுதல், பின்னர்க் கல்வி, அதன்பின் மூத்தோர் மேற்பார்வையில் பணி என்பதே உரிய வரிசை.

இனித் தமிழ்ச் சமணக் குடும்பங்களைப் பற்றி ஒரு சொல். மனச்சோர்வுக்கு மருந்துண்ட மகளோ மகனோ உளவியல் படிக்க விரும்பினால், "ஊருக்குத் தெரிந்துவிடும், சம்பந்தம் தடைப்படும்" என்று அஞ்சும் இல்லங்கள் உண்டு. பிறர் குறையைத் தூற்றாது காக்கும் உபகூகனமும் எட்டு உறுப்புகளில் ஒன்றே. ஆயின் அது வம்புப் பேச்சினின்று காப்பதற்கு உரியது. மருத்துவரிடமிருந்து மறைப்பதற்கு உரியதன்று. நோய் குறையும் அன்று.

"வினைப்பயன், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்" என்பாரும் உளர். காய்ச்சலும் வினைப்பயன்தான், அதற்கு மருந்து தர எவரும் தயங்குவதில்லை. நால்வகைத் தானங்களுள் மருந்துத் தானத்தை அறநூல்கள் வைத்திருப்பதும் இதனாலன்றோ? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், மனநோயுற்றவரை உடல்நோயுற்றவருக்கு இணையாக நடத்த வேண்டும் என்றும் அவர்தம் செய்திகளை மறைவாகக் காக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

இச்சமூகத்திலிருந்தே மனநலப் பணியாளர்கள் தோன்ற வேண்டியதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. லித்தியம் உட்கொள்பவர் நீரின்றி உபவாசம் இருந்தால், உடலில் நீர் குறைந்து, மருந்தின் அளவு குருதியில் கூடி நஞ்சாகக் கூடும். கதிரவன் மறைந்தபின் எதுவும் உண்ணாத நோன்பினர், இரவு மருந்தைச் சொல்லாமலே விட்டுவிடுவதும் உண்டு. நோன்பின் அருமையையும் மருந்தின் இன்றியமையாமையையும் ஒருங்கே அறிந்த மருத்துவர், "இதனை இவ்வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம், இந்நோன்பை இவ்வாண்டு தவிர்க்கலாம்" என்று சொல்லும்போது முதியோரும் செவிசாய்ப்பர்.

வழிகளும் பல. எம்.பி.பி.எஸ். முடித்து மூன்றாண்டு எம்.டி. பயின்றால் மனநல மருத்துவராகலாம். மருத்துவ உளவியல், மனநலச் சமூகப்பணி, மனநலச் செவிலியம் ஆகிய துறைகளும் உள்ளன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இவற்றிற்குப் புகழ்பெற்ற பயிற்சிக்களம். இன்று துயருறுவோர் எந்நேரமும் 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஆதலின், நோயினின்று மீண்ட இளைஞர் ஒருவர் இப்பணியை நாடினால், பெற்றோர் தடுக்க வேண்டா, விரைவுபடுத்தவும் வேண்டா. சிகிச்சை தொடர்கிறதா, உறக்கம் சீராக உள்ளதா, சோர்வு மீண்டால் யாரிடம் சொல்வார் என்று அன்புடன் கேட்டறிந்து, கல்விக்குத் துணைநிற்க வேண்டும். அறக்கட்டளைகள் பொறியியலுக்கும் கணக்கியலுக்கும் வழங்கும் உதவித்தொகையை இக்கல்விக்கும் வழங்கலாம். தளர்ந்து எழுந்தவர், தளர்பவரைத் தாங்கக் கற்கிறார். அவரைத் தாங்குவது சங்கத்தின் கடன்.

அறம் வளர்க!